மாமியார் வரும்போது மடிக்கணினி எங்கே போகும்?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு ஃபிளாட் இருக்கிறது. ஹால், இரண்டு படுக்கையறை. சின்ன அறை வடக்கு தெற்காக 10 அடி, கிழக்கு மேற்காக 9 அடி. கதவு கிழக்குச் சுவரின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது, உள்பக்கமாகத் திறக்கும். மேற்குச் சுவரின் நடுவில் 4 அடி அகல ஜன்னல். வடக்குச் சுவரில் 7 அடி உயரத்தில் பரண். இத்தனை நாளும் சாமான் போட்டு வைக்கும் அறையாகவே இருந்துவிட்டது. இப்போது எனக்கு வாரத்தில் 4 நாள் வீட்டிலிருந்து வேலை. நியூயார்க்கில் இருப்பவர்களோடு மீட்டிங் என்பதால் சில நாள் ராத்திரி பத்தரை வரை போகும். கும்பகோணத்திலிருந்து என் மாமியார் வருஷத்துக்கு மூன்று, நான்கு முறை வந்து பத்துப் பதினைந்து நாள் இருப்பார். 71 வயது, முழங்கால் வலி உண்டு. மே மாதம் மதுரையிலிருந்து என் தங்கை இரண்டு பிள்ளைகளோடு வருவாள். அந்த ஓர் அறை எனக்கு ஆபீஸாகவும் இருக்க வேண்டும், வருகிறவர்கள் தங்கவும் வேண்டும். சுவரோடு மடங்கும் கட்டில் போடலாம் என்கிறார் தச்சர். அதற்கே 65,000 ரூபாய் கேட்கிறார். சோபா கம் பெட் போதும் என்கிறார் என் கணவர். மொத்தம் 80,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். எதைச் செய்யலாம்?

ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை

பதில்: இரண்டுமே வேண்டாம். 3 அடி அகலத்தில், நான்கு காலோடு, சாதாரண ஒற்றைக் கட்டில் ஒன்றைத் தெற்குச் சுவரை ஒட்டி நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். மிச்சமாகும் பணம் நாற்காலிக்கும் மின்சார வேலைக்கும் போகட்டும். இந்த மாதிரி அறைகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கட்டிலில் ஆரம்பித்துக் கட்டிலிலேயே பேச்சை முடித்துவிடுகிறார்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது கட்டில் அல்ல, அந்த ராத்திரி பத்தரை மணி மீட்டிங். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மடங்கும் கட்டில் ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மாமியார் மத்தியானம் சாப்பிட்ட பிறகு என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். முழங்கால் வலியுள்ள 71 வயதுப் பெண்மணி ஒரு மணி நேரமாவது காலை நீட்டிப் படுப்பார். சுவரோடு மடங்கும் கட்டிலைக் கீழே இறக்க வேண்டுமானால் நீங்கள் எழுந்து, நாற்காலியை ஒதுக்கி, தரையில் இருப்பதை எடுத்து, பிறகு இறக்க வேண்டும். நீங்கள் வேலையில் இருக்கும்போது அவர் அதைக் கேட்க மாட்டார். 'பரவாயில்லைம்மா, நான் ஹாலிலேயே சாய்ந்துக்கறேன்' என்று சொல்லிவிட்டு சோபாவில் கழுத்தை ஒடித்துக்கொண்டு படுப்பார். ஊரிலிருந்து வந்து தங்கும் பெரியவர்கள் சிரமத்தைச் சொல்வதில்லை, நாலு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுகிறார்கள். யாரையும் கேட்காமல் எப்போது வேண்டுமானாலும் போய்ப் படுக்கலாம் என்றால்தான் அது அவருக்குக் கட்டில்.

சுவர்க் கட்டிலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் வில்லியம் மர்ஃபி என்பவர் சுமார் நூறு வருஷத்துக்கு முன்பு காப்புரிமை வாங்கிப் பரவலாக்கிய நல்ல யோசனை அது. ஒற்றை அறையில் குடியிருக்கும் ஒருவர், தன் கட்டிலைத் தானே காலையில் தூக்கி, தானே ராத்திரி இறக்கிக்கொள்வதற்கு மிகவும் பொருந்தும். உங்கள் வீட்டில் படுக்கிறவர் ஒருவர், தூக்கி இறக்குகிறவர் இன்னொருவர். அதோடு ஒரு பாதுகாப்புக் கணக்கும் உண்டு. அந்தக் கட்டில் முன்பக்கம் சாயாமல் சுவர்தான் பிடித்து நிறுத்த வேண்டும். இப்போது கட்டும் ஃபிளாட்டுகளில் அறைகளுக்கு நடுவே வரும் சுவர் நாலரை அங்குலச் செங்கலாகவோ, லேசான ஏஏசி பிளாக்காகவோ இருப்பது வழக்கம். சாதாரண பிளாஸ்டிக் கட்டையும் திருகாணியும் அதில் இந்த இழுவைக்கு நிற்காது. என்ன சுவர், எந்த ஆங்கர் என்று தச்சர் தெளிவாகச் சொல்லாத வரை யாருமே இதைப் போடக் கூடாது.

சோபா கம் பெட்டுக்கும் அதே மத்தியான வேளைதான் பதில். பிரித்துப் போட்டால் பெரும்பாலானவை தரையோடு தரையாகத் தாழ்ந்துவிடும், நடுவில் மடிப்பு இடுப்பில் உறுத்தும், ஃபோமும் மெல்லியது. கல்லூரிப் பையன்கள் ஓரிரவு தங்கிப் போக ஹாலில் கிடந்தால் நல்லதுதான். முழங்கால் தேய்ந்தவருக்கு அதிலிருந்து எழுவது தினமும் காலையில் ஒரு தண்டனை.

உயரத்தை இந்த விஷயத்தில் முதன்மையாகப் பாருங்கள். உங்கள் மாமியார் அடுத்த முறை வரும்போது, அல்லது போனில் உங்கள் நாத்தனாரையோ பக்கத்து வீட்டவரையோ விட்டு, அவர் உட்கார்ந்திருக்கையில் முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். மெத்தையின் மேல்பரப்பு அந்த அளவைவிட ஓரிரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் எழுந்திருக்கச் சுலபம். நம் ஊர்ப் பெண்களுக்கு அது ஏறக்குறைய 18, 19 அங்குலத்தில் வந்து நிற்கும். மெத்தை உட்பட இந்த உயரம் என்று தச்சரிடம் சொல்லுங்கள். கட்டிலை 18 அங்குலத்தில் செய்து அதன் மேல் 6 அங்குல மெத்தையைப் போட்டால் கால் தரையில் படாமல் தொங்கும். மெத்தை 5 அங்குலம், கெட்டியானது. நார் மெத்தையின் மேல் மெல்லிய ஃபோம் அடுக்கு வைத்துச் செய்வதே போதும்.

கட்டிலுக்கு அடியில் இழுப்பறை, ஹைட்ராலிக் பெட்டி எதுவும் வேண்டாம். அடிப்பக்கம் காலியாக இருந்தால் துடைப்பம் போகும், விருந்தாளியின் பெட்டி போகும், மடித்த மெத்தை ஒன்று போகும். பெட்டிக் கட்டில்களின் வயிற்றுக்குள் நாம் போடுவதெல்லாம் வருஷக்கணக்கில் வெளிச்சம் பார்க்காத சாமான்தான். நம் கடலோர ஈரப்பதத்தில் அங்கே பூஞ்சை வாடைதான் குடியிருக்கும்.

இப்போது அளவுகள். 9 அடிக்கு 10 அடி என்றால் 90 சதுர அடி, ஏறக்குறைய 8.4 சதுர மீட்டர். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டில் ஓர் அறையாவது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும், இன்னோர் அறை 7.5 சதுர மீட்டராக இருக்கலாம் என்கிறது. எனவே உங்களுடையது குறைபட்ட அறை இல்லை. ஒழுங்காகப் பங்கிட்டால் தாராளமாகவே தெரியும்.

தெற்குச் சுவர் 9 அடி. கட்டிலின் நீளம் 6 அடி 3 அங்குலம். தலைமாடு கிழக்குச் சுவரைத் தொடட்டும். வடக்கே தலைவைத்துப் படுக்க உங்கள் மாமியார் சம்மதிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இப்படிப் போட்டால் அந்தப் பேச்சே எழாது. கால்மாட்டில் 2 அடி 9 அங்குலம் மிஞ்சும். அங்கே இரண்டரை அடி அகலத்தில் ஓர் அலமாரி நிற்கும். வடக்குச் சுவரில் கதவு திறந்து சாய 3 அடி விட்டுவிட்டு, வடமேற்கு மூலையில் 4 அடிக்கு 2 அடியில் மேஜை. வடக்குப் பார்த்து உட்கார்வீர்கள், ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரும். 10 அடியில் கட்டிலுக்கு 3, மேஜைக்கு 2 போக நடுவில் 5 அடி காலி. நீங்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழ 3 அடி போனாலும், கட்டிலோரம் ஒரு ஆள் நடக்க இடம் இருக்கும். கட்டிலின் தலைமாட்டிலிருந்து கதவுக்கு கிழக்குச் சுவரை ஒட்டி நேர்வழி கிடைக்கிறது. ராத்திரி இரண்டு முறை எழுந்து பாத்ரூம் போகிறவருக்கு இந்த நேர்வழிதான் இந்த அறையிலேயே விலைமதிப்பான இடம். அதில் ஸ்டூல், குப்பைக்கூடை, கால்மிதி எதையும் வைக்காதீர்கள். கால்மிதி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த கதை ஏதாவது ஒன்று உங்கள் குடும்பத்திலேயே இருக்கும்.

இனி அந்தப் பத்தரை மணி. நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் நமக்குக் கோடைக்காலத்தில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. அவர்கள் காபி குடித்துவிட்டுச் சுறுசுறுப்பாகும் நேரத்தில் உங்கள் மாமியார் சாப்பிட்டு முடித்து, மாத்திரை போட்டு, விளக்கை அணைக்கக் காத்திருப்பார். எந்தக் கட்டிலை வாங்கினாலும் இந்த மோதல் தீராது. ஒரே அறை இரண்டுக்கும் ஆகலாம், ஒரே நேரத்தில் ஆகாது. அப்படியென்றால் யாராவது ஒருவர் இடம் மாற வேண்டும். மாற வேண்டியது உங்கள் வேலை, அவர் அல்ல. இதை நீங்கள் முதலிலேயே முடிவு செய்துவிட்டால் மற்ற எல்லா முடிவுகளும் தானாக அமையும்.

அதற்கு என்ன செய்ய வேண்டும்? உங்கள் படுக்கையறையில் சுவரோடு ஒட்டி இரண்டரை அடிக்கு ஒன்றரை அடியில் ஒரு மடக்குப் பலகை. இரண்டு மடக்குத் தாங்கி, அவ்வளவுதான். இந்தப் பாரத்தை எந்தச் சுவரும் தாங்கும், தச்சருக்கு அரைநாள் வேலை. அதன் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், மோடத்திலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள். வைஃபை போதாதா என்று கேட்கலாம். நடுவில் இரண்டு சுவர் இருக்கும் அறைகளில் மீட்டிங் நடுவே குரல் அறுபடுவதற்கு அதுதான் பெரும்பாலும் காரணம். ஒயரிங் செய்கிற அதே நாளில் கேபிளையும் இழுத்துவிட்டால் பிறகு கவலை இல்லை. கணவர் அந்த இரவுகளில் ஹாலில் இருக்கட்டும். வருஷத்தில் சில வாரங்கள்தானே, அவர் அம்மாவுக்காகத்தானே.

வேலை இடம் மாற வேண்டுமானால் அது கையில் தூக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். ஆகவே கைப்பிடி வைத்த ஒரு பெட்டி. மடிக்கணினி, சார்ஜர், ஹெட்போன், நோட்டு, ஆபீஸ் அடையாள அட்டை எல்லாம் ஒவ்வொரு நாளும் அதிலேயே திரும்பப் போக வேண்டும், மாமியார் ஊரில் இருக்கும்போதும்தான். பழகிவிட்டால் அவர் வருகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் போதும். மேஜை அவருடையதாகிவிடும். மருந்து டப்பா, மூக்குக்கண்ணாடி, வெந்நீர் ஃபிளாஸ்க், ஸ்லோகப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். பெரிய திரை ஒன்று வாங்கும் யோசனை இருந்தால் அதை மேஜைமேல் நிறுத்தாமல் சுவரில் மாட்டுங்கள், அவர் வரும்போது அதன் கீழே இடம் இருக்கும்.

நாற்காலி விஷயத்தில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். வாரத்தில் 4 நாள், நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் நீங்கள் இருக்கப்போவது அதில்தான். இருக்கையின் உயரமும் கைப்பிடியின் உயரமும் மாற்ற வர வேண்டும், முதுகின் கீழ்ப்பகுதிக்குத் தாங்கல் வேண்டும். கடையில் விற்கும் மேஜைகள் 30 அங்குல உயரம் இருக்கும். 5 அடி சொச்சம் உயரமுள்ள பெண்களுக்கு அது அதிகம், தோள் தூக்கிக்கொண்டே இருக்கும். தச்சர்தான் செய்கிறார் என்பதால் 28 அங்குலத்தில் கேளுங்கள். ஆனால் சக்கரம் வைத்த அந்த நாற்காலி மாமியார் வருகிற அன்றே உங்கள் பெட்டியோடு அறையைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். கட்டிலிலிருந்து எழும்போது கைக்கு எட்டுவதைப் பிடித்துக்கொள்வது பெரியவர்களின் வழக்கம். அது உருண்டால் அவரும் விழுவார். பதிலுக்கு, கைவைத்த மர நாற்காலி ஒன்றைப் போடுங்கள்.

மேற்கு ஜன்னல் சென்னையில் லேசான விஷயம் இல்லை. மார்ச்சிலிருந்து மூன்று மணி வெயில் நேராக உள்ளே வந்து சுவரையும் கட்டிலையும் சுட வைக்கும், உங்கள் திரையிலும் மினுங்கும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு திரைச்சீலை போட்டால் வெளிச்சம் குறையுமே தவிர, சூடு அறைக்குள்தான் இருக்கும். அடுக்குமாடிச் சங்கம் அனுமதித்தால் வெளியே மூங்கில் தட்டி கட்டுங்கள். அனுமதிக்காவிட்டால் உள்ளே வெள்ளை அஸ்தர் வைத்த கெட்டியான திரை. கொசுவலைச் சட்டம் கட்டாயம். தென்மேற்குப் பருவக்காலத்து மாலை இடிமழை நமக்கு மேற்கிலிருந்துதான் வரும், சாரல் மேஜை வரை தெறிக்கும். அதனால் மேஜைப் பலகைக்கு மட்டுமாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் கேளுங்கள். துகள் பலகையில் செய்த மேஜை மலிவாகக் கிடைக்கும். தண்ணீர் பட்டால் ஓரம் உப்பிக்கொள்ளும், அதற்கப்புறம் சரிசெய்ய முடியாது.

விளக்கில் பலரும் செய்வது, நடுச்சுவரில் ஒரு 6500 கெல்வின் டியூப்லைட்டைப் போட்டு முடித்துக்கொள்வது. படுத்திருப்பவர் கண்ணில் நேராக அடிக்கும் அது. மேஜைக்கு மேலே பரணின் அடியில் 4000 கெல்வினில் ஒரு பட்டை விளக்கு, கட்டிலுக்குத் தலைமாட்டில் 2700 அல்லது 3000 கெல்வினில் மஞ்சளான சின்ன விளக்கு, தரையோரம் ஒரு இரவு விளக்கு. படுத்தபடியே கைக்கு எட்டும் ஸ்விட்ச் ஒன்று. பெரிய விளக்குக்கு இரட்டை வழி ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள், கதவருகிலும் கட்டிலருகிலும் அணைக்கலாம். தலைமாட்டில் செல்போனுக்கும் வெந்நீர் ஒத்தடப் பைக்கும் இரண்டு பிளக். மேஜைக்கு நான்கு, மேஜை மட்டத்துக்குச் சற்று மேலே. இன்வெர்ட்டர் இருந்தால் மேஜை பிளக்கில் ஒன்றும், மோடமும், இந்த அறை மின்விசிறியும் அந்த லைனில் வர வேண்டும்.

அலமாரியைப் பற்றி ஒரு வேண்டுகோள். அதில் இரண்டு தட்டும் ஐந்தாறு ஹேங்கரும் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். சின்ன அறை என்றாலே வீட்டின் மிச்சசொச்சம் அங்கே போய்ச் சேரும்: கொலு பொம்மைப் பெட்டி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, இஸ்திரி போட வேண்டிய துணி. இவை பரணுக்குப் போகட்டும், அல்லது வீட்டைவிட்டே போகட்டும். பதினைந்து நாள் தங்க வந்தவர் தன் புடவையைப் பெட்டியிலிருந்தே எடுத்துப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டிருந்தால் அவருக்குத் தங்கிய மாதிரியே இருக்காது. மகன் வீட்டில் தனக்கென்று ஒரு தட்டு இருக்கிறது என்பது எந்தத் தாய்க்கும் சின்ன விஷயமில்லை.

மே மாதத்துக்குச் சிக்கல் குறைவு. உங்கள் தங்கையும் சின்னப் பிள்ளையும் கட்டிலில். சிரமமாக இருந்தால் மூவருமே கீழே. நடுவிலுள்ள 5 அடியில், நாற்காலியை எடுத்துவிட்டால், 4 அடி அகல மெத்தை தாராளமாக விரியும். அதற்கு போடி பக்கத்து இலவம்பஞ்சில் ஒரு மெத்தை தைத்து வாங்குங்கள். சூடு தேங்காது, மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளலாம். மாதம் ஒருமுறை மொட்டைமாடி வெயிலில் போட்டுத் தட்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு கட்டிக்கொள்ளும். பிள்ளைகள் அதன் மேல் கோரைப்பாயை விரித்துப் புரளட்டும்.

பணத்தை இந்த வரிசையில் ஒதுக்குங்கள்: முதலில் மின்சார வேலை, ஏனென்றால் சுவரை உடைப்பதும் பூசுவதும் மரவேலைக்கு முன்னால் முடிய வேண்டும். அடுத்து நாற்காலி. பிறகு கட்டிலும் மெத்தையும், மேஜை, அலமாரி. உறவினர் வீட்டில் கிடக்கும் பழைய தேக்குக் கட்டில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிக் காலை வேண்டிய உயரத்துக்கு அறுத்தோ கட்டை கொடுத்தோ சரிசெய்யுங்கள். கையில் குறைந்தால் அலமாரியைத் தள்ளிப்போடலாம், கால்மாட்டில் தற்காலிகமாக ஒரு இரும்பு அலமாரி நிற்கட்டும். ஏசி இந்த வருஷம் வேண்டாம் என்றாலும் அதற்குரிய தனி லைனை மட்டும் இப்போதே இழுத்து வையுங்கள்.

தச்சரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு அறையைக் காலி செய்து, சாக்பீஸால் கட்டில், மேஜை, அலமாரி மூன்றையும் தரையில் முழு அளவில் வரையுங்கள். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மேஜைக் கோட்டருகே போட்டு உட்கார்ந்து எழுந்து பாருங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தலைமாட்டிலிருந்து கதவு வரை நடந்து பாருங்கள். எங்காவது இடித்தால் கோட்டை அழித்து நகர்த்திக்கொள்ளலாம். இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டு, பிறகு தச்சரைக் கூப்பிட்டு அந்தக் கோடுகளை அளந்துகொள்ளச் சொல்லுங்கள்.